மலையில் 97 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர்

தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்? தமிழ்நாட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் 100 டிகிரி செல்சியஸ் என்று உடனே பதில் வரும். ஆனால், கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்வராயன் மலையில் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு பள்ளியில் அடுப்பு மூட்டி, கொதிக்கிற தண்ணீரில் வெப்பமானியை விட்டுப் பார்த்தால், அது ஏறத்தாழ 97-லேயே நின்றுவிடும். விறகை எவ்வளவு உள்ளே தள்ளினாலும் அதற்கு மேல் ஏறாது. தண்ணீர்தான் இன்னும் வேகமாக ஆவியாகும்.

பாடநூல் சொல்லும் 100 தவறில்லை. அது கடல் மட்டத்தில் நிலவும் காற்றழுத்தத்துக்கான எண். மலை ஏற ஏறத் தலைக்கு மேலே இருக்கும் காற்றின் எடை குறைகிறது. 900 மீட்டரில் காற்றழுத்தம் சமவெளியைவிடக் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு குறைவு. அழுத்தம் குறைந்த இடத்தில் நீர் மூலக்கூறுகள் விடுபட்டு மேலெழுவது எளிது. அதனால், 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி என்ற கணக்கில் கொதிநிலை இறங்குகிறது. அடிவாரத்துக் கச்சிராயபாளையத்திலிருந்து மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குப் பேருந்தில் போகும் பிள்ளைகளுக்குக் காது அடைப்பதும், கடையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் வழியிலேயே உப்பிக்கொள்வதும் இதே காரணத்தால்தான். அவர்கள் அறிந்த அனுபவம் அது. அதை வகுப்பறையோடு முடிச்சுப் போட யாரும் வருவதில்லை.

செல்சியஸ் என்ற பெயருக்குரிய சுவீடன் வானியலாளர் ஆண்டர்ஸ் செல்சியஸ், 1742-இல் தன் அளவுகோலை வெளியிட்டபோதே, கொதிநிலை காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு, மலையின் உயரத்தை அளக்கவே தண்ணீர் காய்ச்சினார்கள் நில அளவையாளர்கள். கொதிக்கும் நீரின் வெப்பநிலையைத் துல்லியமாகப் பார்த்து, எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறோம் என்று கணக்குப் போட்டார்கள். 1835-இல் ஆண்டீஸ் மலைத்தொடரைக் கடந்த சார்லஸ் டார்வினின் குழு, இரவெல்லாம் அடுப்பில் கிடந்த உருளைக்கிழங்கு காலையிலும் வேகாமல் இருந்ததைப் பார்த்தது. உடன் வந்தவர்கள் புதிதாக வாங்கிய பானையின் மேல் பழி போட்டார்கள். காரணம் உயரம் என்று டார்வினுக்குத் தெரிந்திருந்தது. ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு விளக்கங்கள் கிடைக்கின்றன. எது சரி என்று எப்படிச் சோதிப்பது? அதே பானையைக் கீழே கொண்டுபோய்ச் சமைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அறிவியல் என்று நாம் கொடுக்க வேண்டியது இந்தக் கேள்வியைத்தான்.

கொதிநிலை என்ற இந்த ஒரு கருத்தைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிப் பிள்ளையும் எண்ணாக மனப்பாடம் செய்யாமல், கையால் அளந்து, காரணம் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அதற்கு அந்த மாவட்டத்தில் தனிக் காரணம் ஒன்று இருக்கிறது.

2024 ஜூன் 18 இரவிலும் அதையடுத்த நாளிலும் கள்ளக்குறிச்சி நகரத்தின் கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதிகளிலும் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். வயிற்று வலி, வாந்தி, மூச்சுத்திணறல், கண் மங்கல். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நிரம்பி வழிந்தது. சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் நோயாளிகள் அனுப்பப்பட்டார்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாராயத்தில் இருந்தது மெத்தனால். அதற்கு முந்தைய ஆண்டு, 2023 மே மாதத்தில், மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்ததும் அதே மெத்தனால்தான்.

இவற்றைப் பற்றி ஏராளமாகப் பேசிவிட்டோம். காவல் துறையின் பொறுப்பு, அரசியல் தொடர்பு, இழப்பீடு, தண்டனை, சட்டத் திருத்தம், மத்தியப் புலனாய்வு விசாரணை என எல்லாமே பேச வேண்டியவைதான். மெத்தனால் என்றால் என்ன, அது ஏன் கொல்கிறது, சாராயத்தில் அது எப்படி வந்தது என்பதை அந்தத் தெருக்களின் பிள்ளைகளுக்கு யாராவது உட்கார வைத்துச் சொன்னார்களா என்பதுதான் நாம் கேட்காமல் விட்ட கேள்வி. பள்ளிகளில் மது ஒழிப்பு உறுதிமொழி எடுக்க வைக்கிறோம். பேரணி நடத்துகிறோம். ஓவியப் போட்டி வைக்கிறோம். இவை நல்லொழுக்கப் பாடங்கள். அவற்றுக்கு உரிய இடம் இருக்கட்டும். அறிவியல் பாடம் வேறு. அது நடக்கவே இல்லை.

நடந்தால் அது எப்படி இருக்கும் என்று பார்ப்போம். மூன்று திரவங்கள்: தண்ணீர், எத்தனால், மெத்தனால். மூன்றுக்கும் நிறமில்லை. மூன்றும் ஒன்றோடொன்று முழுமையாகக் கலந்துவிடும். கலந்த பிறகு கண்ணால் பார்த்து எது எது என்று எவராலும் சொல்ல முடியாது. வாசனையும் சுவையும் எச்சரிக்கும் அளவுக்கு வேறுபடுவதில்லை. எரித்துப் பார்த்தாலும் எத்தனால், மெத்தனால் இரண்டுமே எரியும். ஆனால், கொதிநிலை வேறு. கடல் மட்டத்தில் தண்ணீருக்கு 100 டிகிரி, எத்தனாலுக்கு ஏறத்தாழ 78, மெத்தனாலுக்கு ஏறத்தாழ 65. புலன்களுக்கு ஒன்றாகத் தெரிபவை அளவுகோலுக்கு முன்னால் மூன்றாகப் பிரிந்து நிற்கின்றன. தடய அறிவியல் கூடங்களில் சாராய மாதிரியைச் சோதிக்கும் வாயு நிறப்பிரிகைக் கருவியும், பொருள்கள் ஆவியாகிற இயல்பில் உள்ள இத்தகைய வேறுபாடுகளைப் பயன்படுத்தித்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்துக் காட்டுகிறது.

எத்தனால் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்ல இந்த மாவட்டத்தைவிட நல்ல இடம் கிடையாது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸை ஈஸ்ட் நொதிக்க வைத்தால் எத்தனால் உண்டாகிறது. வெல்லத்தையும் பட்டையையும் ஊறல் போடும்போது நடப்பதும் அதே வேதிவினைதான். வெல்ல ஊறலில் மெத்தனால் உண்டாகும் அளவு மிகக் குறைவு. கருணாபுரத்தில் குடித்தவர்களைக் கொன்ற மெத்தனால் ஊறல் பானையில் பிறந்ததில்லை. வண்ணப்பூச்சு, பசை, கரைப்பான் போன்றவற்றுக்காகத் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ தயாரிக்கப்படும் வேதிப்பொருள் அது. ‘காய்ச்சுவதில் ஏதோ பிழை, அதனால் சாராயம் விஷமாகிவிட்டது’ என்று ஊரில் பலர் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை ஆபத்தானது. பழக்கமான ஆள் காய்ச்சினால் பயமில்லை என்ற முடிவுக்கு அது கொண்டுபோய்விடும். டிரம்மில் வந்திறங்கும் தொழிற்சாலை மெத்தனாலுக்கு முன்னால் எந்தக் கைப்பழக்கமும் எடுபடாது.

ஒரு முக்கியமான ஒப்பீடு மலைக்காரப் பிள்ளைகளுக்கு அவர்கள் சமையலறையிலேயே இருக்கிறது. கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் மரவள்ளி விளைகிறது. அந்தக் கிழங்கில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கைச் சீவும்போதும் நறுக்கும்போதும் திசுக்கள் சிதைந்து, அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு என்ற நஞ்சு வெளிவருகிறது. அது 26 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். தோலைச் சீவி, துண்டு போட்டு, பாத்திரத்தை மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் தெளிவான வேதியியல் இருக்கிறது. நஞ்சின் ஒரு பகுதி ஆவியோடும் ஒரு பகுதி தண்ணீரோடும் போய்விடுகிறது. மெத்தனால் கலந்த சாராயத்தில் இது நடக்காது. மெத்தனாலும் எத்தனாலும் அருகருகே ஆவியாகிறவை. சூடாக்கினால் இரண்டும் சேர்ந்தே கிளம்பும். சாதாரணப் பாத்திரத்தில் காய்ச்சி ஒன்றை முழுவதுமாக நீக்கிவிட முடியாது. கிழங்கில் நடப்பது சாராயத்தில் ஏன் நடக்கவில்லை என்று ஒரு பிள்ளை தானாகக் கேட்கும் இடம் வரை கொண்டுபோய்விட்டால், ஆசிரியர் தன் வேலையில் பாதியை முடித்துவிட்டார் என்று பொருள்.

அடுத்தது உடலுக்குள் நடப்பது. மெத்தனால் அதன் நிலையிலேயே அவ்வளவு கொடியதில்லை. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. இன்னொரு நொதி அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. எறும்பு கடித்தால் எரிகிறதே, அதற்குக் காரணம் என்று பள்ளியில் சொல்லித்தரும் அதே அமிலம்தான். அது ரத்தத்தில் சேரச் சேர, உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வேலையை முடக்குகிறது. ஆக்சிஜனை அதிகம் நம்பியிருக்கும் பார்வை நரம்பு முதலில் அடிவாங்கும் உறுப்புகளில் ஒன்று. 10 மில்லி அளவு தூய மெத்தனாலே நிரந்தரமாகப் பார்வையைப் பறித்துவிடக்கூடும். எத்தனாலும் இதே நொதியால்தான் உடைபடுகிறது, ஆனால் அதிலிருந்து உண்டாவது அசிட்டிக் அமிலம், அதை உடல் கையாண்டுவிடும். மூலக்கூறில் ஒரு கார்பன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் குறைந்ததால் வந்த வேறுபாடு இவ்வளவு.

இந்த மாற்றம் மெதுவாக நடக்கிறது. குடித்தவருக்குக் கடும் அறிகுறிகள் தெரியப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகிறது. கூடவே எத்தனாலும் இருந்தால் இன்னும் தள்ளிப்போகும். கருணாபுரத்துச் சாவு எண்ணிக்கையை யோசிக்கும்போதெல்லாம் என் மனம் இந்த இடைவெளியில்தான் போய் நிற்கிறது. முந்தின இரவு குடித்தவர் காலையில் எழுந்து நடமாடுகிறார். அவரைப் பார்த்தவர்கள் ‘சரக்கில் ஒன்றுமில்லை’ என்று எண்ணிக் குடிக்கிறார்கள். காரணத்துக்கும் விளைவுக்கும் இடையே காலம் ஓடக்கூடும். இப்போது ஒன்றும் ஆகவில்லை என்பதால் ஒன்றும் ஆகாது என்று முடிவு கட்டக்கூடாது. இதுவும் நடுநிலைப் பள்ளி அறிவியல்தான். இதை அறிந்த எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வீட்டில் இருந்தால், அப்பா கண் மங்குகிறது என்று சொன்ன அந்தக் கணத்திலேயே, மோர் கரைத்துக் கொடுத்துப் படுக்க வைக்காமல், மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்வாள். சீக்கிரம் போனால் மருத்துவர்களால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஃபோமெபிசோல் என்ற மருந்து அந்த முதல் நொதியைத் தடுத்து நிறுத்துகிறது. டயாலிசிஸ் மெத்தனாலையும் அமிலத்தையும் ரத்தத்திலிருந்து எடுத்துவிடுகிறது. தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் ஃபார்மிக் அமிலத்தைக் கூட்டுகிறது.

பிள்ளைகளுக்குச் சாராயத்தைப் பற்றிப் பாடம் நடத்தலாமா, காய்ச்சி வடித்தலைச் சொல்லிக்கொடுத்தால் காய்ச்சக் கற்றுக்கொள்ள மாட்டார்களா என்று பெற்றோரும் ஆசிரியர்களும் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன். ஆனால், எந்தத் தெருவில் பாக்கெட் கிடைக்கும் என்பதை அந்தப் பிள்ளைகள் நமக்கு முன்பே அறிந்திருக்கிறார்கள். அறியாதது அந்தப் பாக்கெட்டுக்குள் என்ன இருக்கக்கூடும் என்பது. இந்தப் பாடத்துக்கு எத்தனாலோ மெத்தனாலோ ஒரு சொட்டுக்கூட வகுப்புக்குள் வர வேண்டியதில்லை, வரவும் கூடாது. அளப்பதற்குத் தண்ணீர் போதும். மற்ற இரண்டுக்கும் பலகையில் எழுதும் எண்கள் போதும்.

பத்தாம் வகுப்பில் ‘கார்பனும் அதன் சேர்மங்களும்’ பாடத்தில் எத்தனால் வருகிறதே, அங்கே சொன்னால் போதாதா என்றும் கேட்கலாம். போதாது. மலையில் பிழைப்புக்காக வெளியூர் போகும் பெற்றோரோடு பள்ளியை விட்டுப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்புக்கு ஒத்திவைத்த பாடம் அவர்களுக்குக் கிடைக்காமலேயே போகிறது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள்தான் நம் கையில் உறுதியாக இருக்கும் ஆண்டுகள்.

இன்னொரு மனக்குறையை நான் இங்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். விஷச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு கல்வராயன் மலை என்றாலே ஊறல் என்றும் காவல் துறைத் தேடுதல் என்றும்தான் செய்திகளில் வந்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஒரு மலைத்தொடர் முழுவதும் குற்றத்தின் இருப்பிடமாகச் சித்திரிக்கப்பட்டது. ஆளைக் கொன்ற நஞ்சோ தொழிற்சாலையில் தயாரான வேதிப்பொருள். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து அந்த மக்களின் வாழ்நிலை பற்றி வழக்கு எடுத்துக்கொண்ட பிறகுதான் சாலை, மருத்துவம், பள்ளி என்ற சொற்கள் அந்த மலையின் பெயரோடு சேர்ந்து செய்தியில் வந்தன. ஆகவே, மலைப் பள்ளியில் இந்தப் பாடம் ஊறலில் தொடங்கக்கூடாது. தொடங்கினால் அது அறிவியல் வகுப்பாக இருக்காது, இன்னொரு விசாரணையாகிவிடும். மலைக்காற்றில், தண்ணீரில், மரவள்ளியில் தொடங்கட்டும். சமவெளிப் பிள்ளைகளுக்கு வாய்க்காத ஒரு சோதனை தங்கள் ஊரில் இருக்கிறது என்ற பெருமிதத்தோடு தொடங்கட்டும்.

அளந்து பார்த்துக் கற்பது ஏட்டுக் கனவு அல்ல, இந்தியாவில் நடந்திருக்கிறது. 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், கிஷோர் பாரதி, ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள் 16 கிராமப்புற நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சியைத் தொடங்கின. மலிவான பொருள்களாலான சோதனைப் பெட்டி. பிள்ளைகள் குழுவாக அமர்ந்து தாங்களே செய்து பார்த்துத் தாங்களே எழுதும் பாடம். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் தேர்வு, அதிலும் செய்முறை. 1978-இல் அது மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. பின்னர் ஏகலவ்யா அமைப்பு அதை முன்னெடுத்தது. 2002-இல் மாநில அரசு அதை நிறுத்தியது. முப்பது ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் ஓடிய ஒன்றை, நடக்கக்கூடியதுதானா என்று இனியும் கேட்கத் தேவையில்லை.

தமிழ்நாட்டிலும் அடித்தளம் போடப்பட்டிருக்கிறது. 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அதன் ‘துளிர்’ இதழும் செய்து பார்க்கும் அறிவியலைக் கிராமங்களுக்குக் கொண்டுபோயின. 2022 நவம்பரில் திருச்சியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்த ‘வானவில் மன்றம்’, அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்காகவே உருவானது. சோதனைப் பொருள்களோடு கருத்தாளர்கள் பள்ளிதோறும் போய்ச் செய்து காட்டுகிறார்கள். நல்ல திட்டம். ஆனால், மாநிலம் முழுவதும் ஒரே பட்டியலில் உள்ள சோதனைகளோடு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அதன் மண்ணிலிருந்து ஓரிரண்டு சேர வேண்டும். கள்ளக்குறிச்சிக்கு அது கொதிநிலையாக இருக்கட்டும்.

ஒரே நாளில், ஒரே நேரத்தில், கள்ளக்குறிச்சி நகரப் பள்ளியிலும் வெள்ளிமலைப் பள்ளியிலும் தண்ணீர் கொதிக்கட்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உதவாது. அது 42 டிகிரி வரைக்கும்தான். 110 வரை அளக்கும் ஆய்வக வெப்பமானி வேண்டும், பாதரசம் இல்லாததாக. ஒவ்வொரு பள்ளிக்கும் மூன்று கொடுத்தால் ஒன்றின் பிழையை மற்றவை காட்டிக்கொடுக்கும். முதலில் உருகும் பனிக்கட்டியில் வைத்து மூன்றும் சுழியைக் காட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் கீழே அளந்த அதே வெப்பமானியை மறுவாரம் மேலே கொண்டுபோக வேண்டும். இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் தொலைபேசியில் எண்களைப் பரிமாறிக்கொள்ளட்டும். இரண்டு எண்களும் ஏன் வேறுபடுகின்றன என்று கருணாபுரத்துப் பிள்ளைக்கு வெள்ளிமலைப் பிள்ளை விளக்கட்டும். பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் மாலையிலும் அங்கேயேதான் இருக்கிறார்கள். பாட நேரம் போதவில்லை என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. மூன்று திரவங்களின் பாடம் எட்டாம் வகுப்பில், இந்தச் சோதனையைத் தொடர்ந்து வரலாம்.

இதற்கு முதலில் ஆசிரியர்களைத் தயார் செய்ய வேண்டும். மெத்தனால் எப்படிப் பார்வையைப் பறிக்கிறது என்பதை ஆசிரியர் பயிற்சிகளில் யாரும் சொல்லித்தருவதில்லை. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியில் 2024 ஜூனில் இரவு பகலாக அந்த நோயாளிகளைப் பார்த்த மருத்துவர்களும் செவிலியர்களும் இருக்கிறார்கள். எத்தனை மணி நேரத்தில் வந்தவர்கள் பிழைத்தார்கள், யார் தாமதமாக வந்தார்கள், வீட்டில் என்ன வைத்தியம் பார்த்துவிட்டு வந்தார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். மாவட்ட நிர்வாகம் அவர்களில் சிலரை ஒரு சனிக்கிழமை அழைத்து, மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்கு முன்னால் இரண்டு மணி நேரம் பேச வைக்கலாம். ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகளையும் மருத்துவர்கள் சொல்லும் பதில்களையும் எழுதித் தொகுத்தால், எட்டாம் வகுப்புக்கான துணைப்பாடம் அங்கேயே தயாராகிவிடும்.